29 அங்குலமா, 31 அங்குலமா? முதலில் அப்பாவின் தொடையை அளந்து பாருங்கள்

பெங்களூரில் இருக்கும் ஒருவரின் கேள்வி இது. அப்பாவுக்கு 71 வயது, உயரம் 5 அடி 11 அங்குலம். வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகி எட்டு மாதம் ஆகிறது. போன தடவை விமானத்தில் டெல்லிக்குப் போனபோது, கிட்டத்தட்ட மூன்று மணி நேரமும் முன் இருக்கையில் முழங்கால் இடித்துக்கொண்டே வந்தார். இப்போது மறுபடி டெல்லி, அப்புறம் லண்டனில் மகள் வீடு. கால் வைக்கும் இடம் ஏன் இப்படிச் சுருங்கிப் போனது? 29 அங்குலம், 31 அங்குலம் என்று போடுகிறார்களே, அதை நம்பலாமா? கூடுதல் பணம் கட்டி எக்ஸிட் ரோ, அதாவது அவசரக் கதவை ஒட்டிய வரிசை, வாங்கலாமா?

நான் பெங்களூரில் பதினேழு வருடமாக விமான இருக்கை வடிவமைப்பில் வேலை செய்கிறேன். அதனால் காரணத்தையும் சொல்கிறேன், அப்பாவுக்கு எந்த இருக்கை என்றும் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவை நாற்காலியில் வேண்டாம், ஒரு முக்காலியில் சுவரோடு முதுகும் இடுப்பும் ஒட்டும்படி உட்காரச் சொல்லுங்கள். முழங்காலுக்கு முன்னால் ஒரு தடித்த புத்தகத்தை நிறுத்திப் பிடியுங்கள். சுவரிலிருந்து புத்தகம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். அவர் உயரத்துக்கு 61, 62 வரும் என்று நினைக்கிறேன். டிக்கெட் வாங்கும்போது உங்களுக்குப் பயன்படப் போகிற எண் இதுதான். அங்குலக் கணக்கு இதற்கு அடுத்துத்தான்.

அங்குலக் கணக்கு என்பது சீட் பிட்ச். ஒரு இருக்கையின் ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரம். இதில் முன் இருக்கையின் முதுகுப் பலகை எவ்வளவு தடிமன் என்பதும் சேர்ந்தே வருகிறது. ஆகவே அது கால் வைக்கும் இடத்தின் அளவு ஆகாது. விமானத்தின் தரையில் நீளவாக்கில் அலுமினியத் தடங்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒரு அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை இருக்கும், இருக்கையின் கால்கள் அதில்தான் பூட்டப்படுகின்றன. பிட்ச் எப்போதும் முழு அங்குலமாக ஏறி இறங்குவதற்கு இதுதான் காரணம். பூட்டைக் கழற்றி ஒரு துளை முன்னால் தள்ளி மறுபடி பூட்டினால் ஒரு அங்குலம் போய்விடும்.

அந்த ஒரு அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 வரிசை, வரிசைக்கு 30 அங்குலம் என்றால் 900 அங்குலம். அதையே 29 ஆக்கினால் 31 வரிசைக்கு 899 அங்குலம் போதும். ஒவ்வொருவரிடமும் ஒரு அங்குலம் எடுத்தால் ஒரு முழு வரிசை, அதாவது ஆறு இருக்கை, புதிதாகக் கிடைக்கிறது. ஒரு விமானம் நாளுக்கு ஆறு தடவை பறக்கிறது என்று வைத்தால் 36 டிக்கெட், வருடத்துக்குப் பதின்மூன்றாயிரத்துக்கு மேல். செலவோ பெரிதாகக் கூடாது. 50 இருக்கைக்கு ஒரு பணிப்பெண் என்பது விதி. 180 இருக்கைக்கு நான்கு பேர் வேண்டும், 186 இருக்கைக்கும் அதே நான்கு பேர்தான். நம் ஊர் விமானங்களில் 180 இருந்த ஏர்பஸ் ஏ320 இப்போது 186 ஆகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு வரிசைக்கு இடம் பயணிகளின் காலடியிலிருந்து மட்டும் வரவில்லை. பின்பக்கச் சமையலறையையும் கழிவறையையும் நெருக்கி ஒரே மூலையில் அடக்கும் வடிவமைப்பை ஏர்பஸ் கொண்டுவந்தது. அந்தக் கழிவறைக்குள் திரும்ப முடியாமல் அப்பா திணறியிருந்தால், அங்கே போன இடமும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 2003இல் ஏர் டெக்கான் இங்கே பெங்களூர் எச்ஏஎல் விமான நிலையத்திலிருந்துதான் கிளம்பியது. அதுவரை விமானத்தில் ஏறியே இராத குடும்பங்கள் அதில் ஏறின. அமெரிக்காவில் எழுபதுகளில் சாதாரண வகுப்பிலேயே 34, 35 அங்குலம் இருந்தது. ஆனால் அந்த டிக்கெட்டை வாங்க முடிந்தவர்கள் கொஞ்சம் பேர். நெருக்கி உட்கார வைத்ததில் ஒரு பங்கு டிக்கெட் விலைக் குறைவாக நம் கைக்குத் திரும்பி வந்தது. முழுப் பங்கும் வந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். முன்பு டிக்கெட்டோடு சேர்ந்து வந்த அதே இடம், இன்று எக்ஸ்எல் சீட் என்ற பெயரில் தனி விலைக்கு வருகிறது.

சரி, 29ஆ 31ஆ? பழைய இருக்கைகளின் முதுகுப் பகுதி தடித்த நுரையால் ஆனது, முழங்கால் மட்டத்தில் பத்து சென்டிமீட்டருக்குப் பக்கம் வரும். இப்போது வருகிற மெல்லிய இருக்கைகளில் அது ஏறக்குறைய பாதி. பத்திரிகை வைக்கும் பையையும் முழங்கால் மட்டத்திலிருந்து மேலே தூக்கிவிட்டோம். 31 அங்குலம் என்பது 78.7 செ.மீ. பழைய இருக்கையில் தடிமனைக் கழித்தால் 69க்குச் சற்றுக் கீழே வரும். 29 அங்குலம் 73.7 செ.மீ. மெல்லிய இருக்கையில் கழித்தாலும் அதே 69க்குப் பக்கம்தான் வரும். ஆக, எந்த இருக்கை என்று தெரியாமல் அங்குலத்தை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. அப்பாவின் 62ஐ இதோடு வைத்துப் பாருங்கள். காகிதக் கணக்கில் ஏழு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் இடித்தது, இல்லையா?

இடித்ததற்குக் காரணம் மெத்தை. மெல்லிய இருக்கையில் இடுப்பு வளைவைத் தாங்க ஒன்றும் கிடையாது. அரை மணி நேரத்தில் இடுப்பு முன்னால் சறுக்குகிறது, வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஐந்தாறு சென்டிமீட்டர் சறுக்கினாலே மிச்சம் இருந்த இடம் போய்விடும். எங்கள் துறையில் 'பிட்ச் குறைந்தாலும் முழங்காலுக்கு ஒன்றும் குறையவில்லை' என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள். அளவு டேப்பை வைத்துப் பார்த்தால் உண்மை. ஆனால் மனிதன் அசையாமல் இருப்பதில்லை. முகத்துக்கும் முன் இருக்கையின் தலைப்பகுதிக்கும் நடுவே இருந்த தூரம் குறைந்தது, அதைத் திருப்பிக் கொடுக்க எந்த மெல்லிய நுரையாலும் முடியாது. குனிந்து செருப்பை எடுக்க முடியவில்லை. நடு இருக்கைக்காரர் எழுந்து போக வேண்டும் என்றால் ஓரத்து இருக்கைக்காரர் வெளியே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. இருக்கையைப் பின்னால் சாய்ப்பதில் நடக்கும் சண்டைகளும் இதனால்தான். சாயும் அச்சு கீழே இருப்பதால் பின்னால் இருப்பவரின் முழங்காலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, முகத்துக்கு முன்னால் மட்டும் நான்கு விரல் இடம் போகும். முன்பு அது பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. இப்போது பொறுக்க இடமில்லை. அதனால் பல நிறுவனங்கள் சாயவே சாயாத இருக்கையைப் போட்டுவிட்டன.

அகலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். போயிங் 737இன் உடல் 1950களில் வந்த 707இன் அகலம். உள்ளே சுமார் 3.54 மீட்டர். ஏ320இல் 3.70 மீட்டர். இரண்டிலும் வரிசைக்கு ஆறு பேர்தான், ஆனால் ஏ320இல் ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடுதலாகக் கிடைக்கிறது. 17 அங்குலத்துக்குப் பதில் 18. தோள் அகன்றவர்களுக்கு இந்த ஒரு அங்குலம் பிட்ச்சில் வரும் ஒரு அங்குலத்தைவிட முக்கியம் என்பது என் அனுபவம். இண்டிகோவின் ஜெட் விமானங்கள் பெரும்பாலும் ஏ320 குடும்பம், ஆகாசாவில் 737, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் இரண்டும் உண்டு. டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே விமான வகை போட்டிருக்கும். லண்டன் போகிற போயிங் 787ஐ வரிசைக்கு எட்டுப் பேர் என்று நினைத்து வடிவமைத்தார்கள், இன்று பெரும்பாலான நிறுவனங்கள் ஒன்பது போடுகின்றன, அகலம் 17ஐ ஒட்டி வந்துவிட்டது. ஏ350இல் அதே ஒன்பது பேருக்கு 18 கிடைக்கும்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்பது அடுத்து வரும் கேள்வி. 1985இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஓடுபாதையிலேயே ஒரு 737 தீப்பிடித்து 55 பேர் இறந்தார்கள். பலர் வெளியேற வழியின்றிப் புகையில் மடிந்தார்கள். அதன் பிறகு 1989இல் பிரிட்டன், முதுகு சாயும் மெத்தையிலிருந்து முன் இருக்கையின் பின்புறம் வரை குறைந்தது 26 அங்குலம், அதாவது 66 செ.மீ., இருக்க வேண்டும் என்று விதி போட்டது. கவனியுங்கள், நான் அப்பாவை அளக்கச் சொன்னதும் இதே தூரத்தைத்தான். அந்த விதியை எழுதியவர்கள் பிட்ச்சை விட்டுவிட்டு மனித உடலை அளந்தார்கள், அது சரியான அளவு. அமெரிக்காவில் பயணிகள் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2017இல் நீதிபதி பட்ரிசியா மில்லட் அந்த வழக்கையே 'நம்ப முடியாதபடி சுருங்கும் விமான இருக்கையின் வழக்கு' என்று குறிப்பிட்டார். 2018இல் குறைந்தபட்ச அளவைத் தீர்மானிக்கச் சொல்லி அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டமே போட்டது. ஒரு வருடக் கெடு. கெடு முடிந்தும் எண் வரவில்லை.

காரணம், அந்த நாட்டு விமானத் துறை கேட்ட கேள்வி வேறு. பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 நொடியில் எல்லோரும் வெளியேற முடிகிறதா என்பதுதான் உலகம் முழுக்க உள்ள அளவுகோல். ஒக்லஹோமாவில் 720 பேரை வைத்து, இருக்கையை 28 அங்குலம் வரை நெருக்கிச் சோதித்தார்கள். வெளியேறும் நேரம் குறிப்பிடும்படி கூடவில்லை என்று முடிவு வந்தது. சோதனையில் இருந்தவர்கள் எல்லோரும் 60 வயதுக்கு உட்பட்டவர்கள், உடல் ஊனம் இல்லாதவர்கள். உங்கள் அப்பாவைப் போல ஒருவர்கூட அதில் இல்லை. நான் எத்தனையோ சோதனை அறிக்கை படித்திருக்கிறேன், இந்த ஒன்றுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. 2022இல் அந்தத் துறை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது 26,000 பேருக்கு மேல் எழுதினார்கள்.

உயரமானவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் அம்மாவின் உயரம் 4 அடி 11. பெங்களூரிலிருந்து அமெரிக்காவுக்கு அவரைத் தனியாக அனுப்பினேன். முன்னால் இடம் நிறைய இருந்தது. ஆனால் பாதம் தரையைத் தொடவில்லை. இருக்கையின் முன் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டே பதினாறு மணி நேரம். பக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எழுந்திருக்கவே இல்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. இறங்கியபோது இரண்டு கெண்டைக்காலும் வீங்கிச் செருப்புப் போட முடியவில்லை. நல்லவேளை, ரத்தக்கட்டு எதுவும் இல்லை. ஆனால் இருக்கை வடிவமைக்கிறவனின் அம்மாவுக்கு இது நடந்தது என்பது எனக்குப் பெரிய குற்றவுணர்ச்சி. அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் உள் சிரைகளில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்று சொன்னார்கள். விமானம் மட்டும் என்று இல்லை, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மொத்தத்தில் ஆறாயிரம் பேரில் ஒருவர் என்ற கணக்கு, ஆகவே பயந்து பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. அதே ஆய்வில் கூடுதல் ஆபத்து என்று குறித்த இரண்டு கூட்டம் உண்டு. 190 செ.மீ.க்கு மேல் உயரமானவர்கள், 160 செ.மீ.க்குக் கீழ் குட்டையானவர்கள். நம் வீட்டுப் பெண்கள் பெரும்பாலோர் இரண்டாவது கூட்டம். 1940இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கு இடங்களில் மடக்கு நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள் இப்படித் திடீரென்று இறந்ததை மருத்துவர்கள் அப்போதே பதிவு செய்திருக்கிறார்கள். அங்கேயும் நாற்காலியின் முன்சட்டம் காலுக்குப் பின்னால் அழுத்தியதுதான் காரணம் என்று சந்தேகப்பட்டார்கள். அம்மாவும் அப்பாவோடு போகிறார் என்றால், ஒரு சின்னக் கைப்பையைத் துணியால் நிரப்பிப் பாதத்துக்கு அடியில் வைக்கக் கொடுங்கள். என் அம்மா இப்போது அப்படித்தான் போகிறார்.

இனி அப்பாவுக்கான இருக்கை. எக்ஸிட் ரோ வாங்காதீர்கள். அவசரத்தில் அந்தக் கனமான கதவைத் திறந்து மற்றவர்களுக்கு வழி விட முடிகிறவர்களைத்தான் அங்கே உட்கார விடுவார்கள். மூட்டு மாற்றியவர், 71 வயது, சக்கர நாற்காலி உதவி வேறு கேட்டிருப்பீர்கள். பணிப்பெண் பார்த்ததும் மாற்றிவிடுவார், அது அவர் கடமை. கடைசி நேரத்தில் கிடைப்பது நடு இருக்கையாக இருக்கும். முதல் வரிசையும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. முழங்காலுக்கு இடம் உண்டு, ஆனால் எதிரே சுவர், காலை நீட்ட முடியாது. சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் கைப்பிடி தூக்க வராது, இருக்கையின் அகலமும் கொஞ்சம் குறையும்.

அவருக்குச் சரியானது நடைபாதை ஓர இருக்கை, அதிலும் சி. ஏ320இலும் 737இலும் முன்னோக்கி உட்கார்ந்தால் இடப்பக்கம் ஏ, பி, சி, வலப்பக்கம் டி, இ, எஃப். சி இருக்கைக்காரருக்கு நடைபாதை வலக்கைப் பக்கம் இருக்கும், ஆகவே வலது காலை நீட்டலாம். இடது முழங்காலில் வலி என்றால் டி வாங்க வேண்டும். ஐல் சீட் என்று பொதுவாகக் கேட்டு டி கொடுத்துவிட்டால் நீட்ட வேண்டிய கால் உள்ளே மாட்டிக்கொள்ளும். லண்டன் விமானத்தில் வரிசைக்கு ஒன்பது இருக்கை என்றால் இடப்பக்கத் தொகுதியின் வலது ஓரம், அல்லது நடுத் தொகுதியின் வலது ஓரம். சாப்பாட்டு வண்டி வரும்போது மட்டும் காலை மடக்கச் சொல்லுங்கள், அந்த வண்டி முழங்காலில் இடித்தால் சும்மா விடாது. பல இருக்கைகளில் நடைபாதைப் பக்கக் கைப்பிடிக்கு அடியில், கீல் பக்கமாக, ஒரு சின்ன விசை ஒளிந்திருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே தூக்கும், எழுந்து உட்கார எளிது. பணிப்பெண்ணிடம் கேட்டால் காட்டுவார்.

முன் இருக்கைப் பை முழங்கால் மட்டத்தில் இருந்தால் அதில் தண்ணீர்ப் பாட்டில் வைக்காதீர்கள், அந்தப் பாட்டிலின் தடிமன் நேராக முழங்காலில் கழிகிறது. காலடியில் பை வைக்க வேண்டாம், ஏழு கிலோ கைப்பையை மேலே ஏற்றிவிடுங்கள். ஒரு பருத்தித் துண்டை நான்காக மடித்து அடியில் போட்டு உட்காரட்டும். உடம்பு இரண்டு விரல் உயர்ந்தால் தொடை கீழ்நோக்கிச் சாயும், முழங்கால் கொஞ்சம் பின்வாங்கும். இன்னொரு மெல்லிய துண்டை இடுப்பு வளைவில் கொடுத்தால் சறுக்குவது குறையும்.

லண்டனுக்கு முன் மூட்டு சிகிச்சை செய்த மருத்துவரையே பாருங்கள். கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை, அறிகுறி தெரியாமல் உண்டாகும் ரத்தக்கட்டைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும், சர்க்கரை நோயோ கால் ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் கேட்காமல் போடக் கூடாது. ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். காசு இருந்தால், டெல்லி டிக்கெட்டில் செலவழிக்காமல் சேர்த்து லண்டன் டிக்கெட்டில் பிரீமியம் எகானமிக்கு, அதாவது சாதாரண வகுப்புக்கு அடுத்த மேல் வகுப்புக்கு, கொடுங்கள். அங்கே பிட்ச் 38 அங்குலத்தை ஒட்டி இருக்கும், பத்து மணி நேரத்துக்கு அது பெறுமதி. மூன்று மணி நேரத்துக்கு சி இருக்கையும் இரண்டு துண்டும் போதும்.

சென்னைக்குக் கூட்டிப் போவதாக இருந்தால் விமானமே வேண்டாம். வந்தே பாரத்தில் நாலரை மணி நேரம், ஆனால் எழுந்து நடக்கலாம். பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வரை காரில் மடங்கி உட்காரும் நேரத்தையும் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும் நேரத்தையும் கூட்டினால் வித்தியாசம் சொற்பம்தான்.

இருக்கையை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், வெப் செக்-இன் வரை காத்திருந்தால் ஓர இருக்கைகள் போய்விடும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு தடவை மறுபடி திறந்து பாருங்கள். விமான வகையை மாற்றினால் இருக்கை எண்ணும் தானாக மாறிவிடும், 14சி வாங்கியவருக்கு 22இ வந்த கதை எனக்குத் தெரியும். அப்படி மாறியிருந்தால், விமானத்துக்குள் ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை. செக்-இன் கவுண்டரிலேயே மருத்துவர் சீட்டைக் காட்டி, வலது காலை நீட்ட வேண்டும், அதனால் சி பக்கம் வேண்டும் என்று காரணத்தோடு கேளுங்கள்.